பள்ளிக்கூடப் பரிசோதனையும் உபாத்தியாயர் சுயமரியாதையும்

(தொடக்கப்பள்ளி உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் கூடிய ஓர் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



பள்ளிக்கூடத்தைப் பற்றி இன்று இங்கு பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். அதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இங்குள்ள உபாத்தியாயர்களில் யாராவது நினைத்தால் அது நியாயமான நினைப்பேயாகும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் பட்டமில்லை, பரீட்சை இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க நான் கற்றதுகூடப் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகுதான். ஒரு தையற்கடையில் பொத்தான் தைக்கும் வேலையில் இருந்தபோது, அங்கு வரும் பத்திரிகையைக் கடைக்காரர் உரக்கப் படிப்பார். அவர் படித்ததை நான் பிறகு எடுத்து எழுத்தோடு எழுத்தாக ஒத்துப் பார்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தும் படிக்கத் தெரியாமல் வெளியே வந்தவன் என்பதுதான் இந்தச் சங்கதியைப் பேச எனக்குள்ள ஒரே யோக்கியதை. வைத்தியத்தைப் பற்றி வைத்தியன் மாத்திரந்தான் பேசவேண்டுமா? நோயாளியும் கொஞ்சம் பேசலாம் அல்லவா?

நான் பேசப்போவது பள்ளிக்கூடப் பரிசோதனையைப் பற்றி. இன்றைக்கு அந்த உத்தியோகஸ்தருக்கு வட்டாரக் கல்வி அலுவலர் என்று பெயர். அதற்கு முன் வேறு பெயர்கள் இருந்தன. பெயர் எத்தனை மாறினாலும் ஊரில் பெரியவர்கள் "இன்ஸ்பெக்டர்" என்றுதான் சொல்லுகிறார்கள். நானும் அப்படியே சொல்லுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, அதாவது 1980-களின் கடைசியில், எங்கள் பள்ளிக்கூடத்திற்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று நாளைக்கு முன்பே சேதி வந்துவிட்டது. அந்த மூன்று நாளும் எங்களுக்குப் பாடம் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். வாசலில் சாணி தெளித்தோம். பெரிய வீட்டிலிருந்து கை வைத்த நாற்காலி ஒன்று சுமந்துகொண்டு வந்தோம். உபாத்தியாயர்கள் இரண்டு பேரும் இராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு, எழுதாமல் விட்டிருந்த பாடக் குறிப்புகளையெல்லாம் பல நிறமுள்ள மையால் எழுதித் தீர்த்தார்கள். பிறகு எங்களுக்கு ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கையையும், தெரியாதவன் இடது கையையும் தூக்க வேண்டும். உபாத்தியாயர் வலது கைக்காரனைப் பார்த்து "நீ சொல்லு" என்பார். இதை இரண்டு நாள் பழக்கினார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு எழுத்தைப் பழக்கியிருந்தால்கூட எங்களுக்கு இலாபமாயிருந்திருக்கும்.

அந்த நாள் காலையில் எங்களில் மூன்று பேரைத் தலைமை உபாத்தியாயர் கூப்பிட்டார். "நீங்கள் மூன்று பேரும் ஓடைப் பக்கம் போய்ச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வாருங்கள். மணி அடித்த பிறகு வந்தால் போதும்" என்றார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். எங்கள் மூவரில் இருவர் காலனிப் பிள்ளைகள்; மூன்றாவது ஆள் நான். எங்கள் மூவருக்கும் படிக்கத் தெரியாது. சாயங்காலம் நாங்கள் சுள்ளியோடு திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் கோழிக்குழம்புச் சாப்பாடும் இளநீரும் முடித்துப் போய்விட்டார். அவர் வகுப்பைப் பார்த்ததைவிடப் பதிவேடுகளைப் பார்த்ததே அதிக நேரம் என்று பையன்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடம் திருப்திகரமாய் நடக்கிறது என்று பார்வைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாராம்.

தோழர்களே! இதிலுள்ள அதிசயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரிசோதனை என்பது எதற்காக? படிக்க வராத பிள்ளை எது, ஏன் வரவில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று கண்டுபிடிப்பதற்காக. ஆனால் வருஷம் முழுவதும் வகுப்பில் இருந்த அந்தப் பிள்ளையைப் பரிசோதனை நடந்த அந்த ஒரு நாள் மாத்திரம் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வைத்தியர் வரும் நாளில் நோயாளியைக் கொல்லைப்புறத்தில் ஒளித்துவைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் சுகம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நிற்க, அந்தத் தலைமை உபாத்தியாயரை நான் பல வருஷம் மனதிற்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பஸ் நிலையத்தில் கண்டேன். என்னை அடையாளம் சொல்லிக்கொண்டு, "சார், அன்றைக்கு எங்களைச் சுள்ளிக்கு அனுப்பினீர்களே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இருக்கிறதப்பா. அதற்கு முந்தின வருஷம் நடந்தது உனக்குத் தெரியாது" என்று சொல்லி ஒரு விஷயத்தைச் சொன்னார்.

முந்தின வருஷம் வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தாராம். ஒரு பையன் வாசிக்கத் தடுமாறியிருக்கிறான். உடனே அந்த உத்தியோகஸ்தர் பிள்ளைகள் முன்னிலையிலேயே உபாத்தியாயரைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, பாடக் குறிப்பு நோட்டைத் தரையில் விட்டெறிந்து, "மாடு மேய்க்கப் போகவேண்டியவனையெல்லாம் வாத்தியாராகப் போட்டால் இப்படித்தான்" என்றாராம். அப்போது உபாத்தியாயருக்கு வயது நாற்பதுக்கு மேல். ஊதிய உயர்வை நிறுத்திவிடுவேன், மலையடிவாரத்துக்கு மாற்றிவிடுவேன் என்று வேறு மிரட்டியிருக்கிறார். உபாத்தியாயர் குனிந்து நோட்டைப் பொறுக்கிக்கொண்டாராம். "அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லையப்பா. மறு வருஷம் உங்களைச் சுள்ளிக்கு அனுப்பினேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அவர் செய்தது சரி என்றும் சொல்லமாட்டேன். எனக்கு விளங்கியது என்னவென்றால், மேலே இருப்பவன் கீழே இருப்பவனை அவமானப்படுத்தினால், அந்த அவமானம் அங்கேயே நிற்பதில்லை. ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, கடைசிப் படியில் இருக்கிறவன் தலையில் வந்து விழுகிறது. இன்ஸ்பெக்டருக்கு மாவட்ட உத்தியோகஸ்தரிடம் பயம். தலைமை உபாத்தியாயருக்கு இன்ஸ்பெக்டரிடம் பயம். உதவி உபாத்தியாயருக்குத் தலைமை உபாத்தியாயரிடம் பயம். பிள்ளைக்கு உபாத்தியாயரிடம் பயம். பிள்ளைகளிலும் கடைசிப் பிள்ளை எது? படிப்பு வராத பிள்ளை, காலனிப் பிள்ளை, கேட்க ஆளில்லாத பிள்ளை. இந்த ஏணியை நாம் வேறு எங்கேயும் பார்த்ததில்லையா? மேல் படிக்காரன் உதைப்பதைத் தாங்கிக்கொண்டு, தனக்குக் கீழ் ஒருவன் இருக்கிறான் என்பதில் ஆறுதல் அடையும் இந்த ஏற்பாடு நம் ஊருக்கு ரொம்பப் பழையதல்லவா?

இது நம் நாட்டு அதிகாரிகளின் கெட்ட குணம் மாத்திரம் என்று சிலர் சொல்லக்கூடும். அதுவும் தப்பு. இந்த முறை எங்கே பிறந்தது என்று பார்த்தால் அது புரியும்.

இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்கிற கல்வி மந்திரி ஒரு புதுச் சட்டதிட்டம் கொண்டுவந்தார். அது என்னவென்றால், பலனைப் பார்த்துப் பணம் கொடுப்பது. ஒரு பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் வருஷத்துக்கு 4 ஷில்லிங். இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை செய்து அது தேறினால் இன்னும் 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒவ்வொன்றில் தவறுவதற்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். அதாவது பிள்ளை திக்கினால் பள்ளிக்கூடத்தின் வருமானம் குறையும். உபாத்தியாயர் சம்பளமும் அதோடு குறையும். சர்க்காருக்கு இதில் நல்ல மிச்சம். 8 லட்சம் பவுனுக்கு மேலிருந்த மானியம் 1865-இல் ஆறரை லட்சத்துக்கும் கீழே போயிற்று. ஆனால் படிப்பு என்ன ஆயிற்று?

அதை அந்தப் பரிசோதகர்களில் ஒருவரே சொல்லியிருக்கிறார். மாத்யூ ஆர்னால்டு பெரிய கவிஞர். 1851 முதல் 1886 வரை 35 வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து வயிறு வளர்த்தவர். அவர் 1867-இல் சர்க்காருக்கு எழுதிய அறிக்கையில் சொன்னது என்னவென்றால், உண்மையில் படிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ தெரியாத பிள்ளைகளைக்கூட இந்தப் பரீட்சையில் தேறவைத்துவிட முடியும் என்பதாகும். எப்படி முடியும்? பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை ஆரம்பம் முதல் கடைசிவரை மனப்பாடம் செய்துவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒப்பித்துவிடுவார்கள். எங்கள் ஊர் வலது கை, இடது கைத் தந்திரத்துக்கு மூத்த தமையன் சீமையிலேயே இருந்திருக்கிறான் பாருங்கள்!

அந்தச் சரக்கு நம் நாட்டுக்கும் கப்பலேறி வந்தது. 1854-இல் வந்த உட் துரையின் கல்விச் சாசனப்படி மாகாணந்தோறும் கல்வி இலாகாவும் இன்ஸ்பெக்டர்களும் ஏற்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1860-களிலேயே பலன் பார்த்து மானியம் கொடுக்கும் முறை வந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து மணலில் எழுதவைத்துக்கொண்டிருந்த உபாத்தியாயரும், தலைக்கு இத்தனை பிள்ளை தேறினால் இத்தனை பணம் என்கிற கணக்குக்குள் மெள்ள மெள்ள இழுக்கப்பட்டார். இங்கிலாந்து 1890-களில் அந்த முறையை விட்டுவிட்டது. நம் நாட்டில் 1904-இல் கர்சன் பிரபு காலத்துக் கல்வித் தீர்மானத்தை ஒட்டித்தான் அது கைவிடப்பட்டது. சட்டம் போனது, ஆனால் அது உண்டாக்கிய பழக்கம் போகவில்லை. இன்ஸ்பெக்டர் என்றால் நம் சோற்றில் கை வைக்க வந்தவர் என்கிற எண்ணம் மாத்திரம் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருவதுபோல் வந்துகொண்டேயிருக்கிறது.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிறப்பின் திமிரும் இதில் உண்டு. எட்மண்டு ஹோம்ஸ் என்று ஒருவர் இங்கிலாந்தில் 1875 முதல் இன்ஸ்பெக்டராயிருந்து, கடைசியில் ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை இன்ஸ்பெக்டராக உயர்ந்தவர். அவர் இலாகாவுக்குள் சுற்றுக்கு விட்ட இரகசியக் குறிப்பு ஒன்று 1911-இல் வெளியே வந்துவிட்டது. அதில் என்ன இருந்தது தெரியுமா? ஸ்தல சபைகள் நியமிக்கும் இன்ஸ்பெக்டர்களில் பெரும்பாலோர் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களாயிருந்து வந்தவர்கள். அவர்கள் பண்பாடில்லாதவர்கள், அரைகுறைப் படிப்பாளிகள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளில் படித்த கனவான்களே இந்த வேலைக்கு ஏற்றவர்கள் என்கிற கருத்து இருந்தது. அங்கே பூணூலும் இல்லை, அக்கிரகாரமும் இல்லை. ஆனாலும் சரக்கு அதுதானா இல்லையா? ஆனால் அந்த நாட்டு உபாத்தியாயர்கள் நோட்டைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. அவர்களுடைய சங்கம் கூச்சல் போட்டது. பார்லிமெண்டில் கேள்வி கிளம்பிற்று. இலாகாத் தலைமை உத்தியோகஸ்தர் மோரண்டு அந்த வருஷமே அவ்விடத்தை விட்டுப் போகவேண்டியதாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஹோம்ஸ் அதே 1911-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில், இயந்திரம்போல் கீழ்ப்படிய வைக்கும் படிப்பு பிள்ளையின் உயிரையே கொன்றுவிடுகிறது என்று எழுதினார். பலன் பார்த்துப் பணம் கொடுத்த அந்தக் காலத்தின் கேட்டையெல்லாம் விவரித்தார். பிள்ளைக்குச் சுதந்திரம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் உபாத்தியாயருக்கும் மானம் வேண்டும் என்று மாத்திரம் தெரியவில்லை. தானே குனிந்து நிற்கிற ஒருவரால் பிள்ளைக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொடுக்க முடியுமா?

சரி, அப்படியானால் பரிசோதனையே வேண்டாம் என்று எடுத்துவிடலாமா? சில உபாத்தியாயத் தோழர்கள் அப்படிச் சொல்லுகிறார்கள். பின்லாந்து தேசத்தைக் காட்டுகிறார்கள். அங்கே 1990-களின் ஆரம்பத்தில் பள்ளிப் பரிசோதனையை எடுத்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பல வருஷம் முன்பே ஆரம்பப் பள்ளி உபாத்தியாயருக்கும் சர்வகலாசாலை முதுகலைப் படிப்பு வேண்டும் என்று வைத்து, அவரைச் சமூகத்தில் பெரிய மதிப்புக்குரியவராக ஆக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள். அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நம் நாட்டின் கதை வேறு. 1882-இல் ஹண்டர் கல்விக் கமிஷன் முன் மகாத்மா ஜோதிராவ் புலே ஒரு மனுக் கொடுத்தார். பம்பாய் மாகாணத்தில் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்கள் ஏறக்குறைய எல்லோரும் பார்ப்பனர்களாகவே இருக்கிறார்கள் என்றும், பயிர்த்தொழில் செய்யும் வகுப்பிலிருந்து உபாத்தியாயர்கள் வேண்டும் என்றும், அவர்களுக்குச் சம்பளம் கூடக் கொடுக்கவேண்டும் என்றும் அதில் கேட்டார். அத்தோடு நிறுத்தவில்லை. இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவதால் பிரயோஜனமில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வரவேண்டும், முன்னறிவிப்பு இல்லாமலும் வந்து பார்க்கவேண்டும் என்றும் கேட்டார். ஏன் கேட்டார்? தாழ்த்தப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து வந்து பார்க்க ஒரு கண் வேண்டும் என்பதற்காகத்தானே?

அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, அதே மாகாணத்தில், சதாரா பள்ளிக்கூடத்தில் டாக்டர் அம்பேத்கர் சிறுபிள்ளையாய்ப் படித்தார். வகுப்பில் ஒரு மூலையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச்சாக்கின் மேல் தனியாய் உட்காரவைக்கப்பட்டார். தாகம் எடுத்தால் தானே குழாயைத் திறக்கக்கூடாது. பள்ளிக்கூடச் சேவகன் வந்து திறந்துவிடவேண்டும். சேவகன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அப்போது இன்ஸ்பெக்டர்கள் இல்லையா? இலாகா ஏற்பட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகவில்லையா? இருந்தும் அந்தக் கோணிச்சாக்கை யார் நிறுத்தினார்கள்? பதிவேட்டைப் பார்க்கிற கண்ணுக்குக் கோணிச்சாக்கு தெரியாது. சுத்தம், வருகை, தேர்ச்சி என்று கட்டம் போட்ட காகிதத்தில் கோணிச்சாக்குக்குக் கட்டம் ஏது?

ஆகவே பரிசோதனை வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என்கிற முறையில் அதை அழுத்தமாகச் சொல்லுகிறேன். ஆனால் பரிசோதனை வேறு, மிரட்டல் வேறு. மிரட்டல் வந்த இடத்தில் பரிசோதனை செத்துப்போகிறது. ஏனென்றால் பயந்தவன் உண்மையைக் காட்டமாட்டான்.

இதற்கு இந்தக் காலத்து ருசு இரண்டு சொல்லுகிறேன்.

ஒன்று, அதே இங்கிலாந்தில் நடந்தது. அங்கே 1992-இல் ஏற்பட்ட ஆஃப்ஸ்டெட் என்னும் பரிசோதனை இலாகா, பள்ளிக்கூடம் முழுவதையும் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முத்திரை குத்திவிடும். "மிகச் சிறப்பு" முதல் "போதாது" வரை நான்கு முத்திரைகள். 2023 ஜனவரியில் ஓர் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை, தம் பள்ளிக்குக் கடைசி முத்திரை விழப்போகிறது என்று அறிந்து, அது ஊருக்கு வெளியாகுமுன்பே உயிரை விட்டுவிட்டார். அந்தப் பரிசோதனையும் அவர் சாவுக்கு ஒரு காரணம் என்று அவ்வருஷம் டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்புச் சொன்னார். 2024 செப்டம்பரில் அந்த ஒற்றைச் சொல் முத்திரையை அரசுப் பள்ளிகளுக்கு எடுத்துவிட்டார்கள். 1862-இல் ஷில்லிங்காக இருந்த கத்தி, 160 வருஷம் கழித்து ஒரு சொல்லாக மாறியிருந்தது. பிடி மாத்திரம் அதே கையில்தான் இருந்தது.

இரண்டாவது, நம் தேசத்திலேயே நடப்பது. பிரதம் என்னும் அமைப்பின் முயற்சியில் 2005 முதல் ஏசர் என்று ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. தொண்டர்கள் கிராமத்து வீடுகளுக்குப் போய், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு சிறு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுகிறார்கள். எந்த உபாத்தியாயர் பெயரையும் அவர்கள் எழுதுவதில்லை. யாருக்கும் தண்டனை இல்லை. அதில் வெளிவந்தது என்ன? இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் பாதிப்பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வரவில்லை என்பது. இத்தனை காலம் இத்தனை பார்வைப் புத்தகங்களில் "திருப்திகரம்", "திருப்திகரம்" என்று எழுதிக்கொண்டிருந்தோமே, அந்தப் பாதிப் பேரும் அந்த நாட்களில் எங்கே போயிருந்தார்கள்? சுள்ளி பொறுக்கவா போயிருந்தார்கள்? பயமில்லாத இடத்தில்தான் பிள்ளை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா?

இதைப் பெரியவர்கள் அறியாமலும் இல்லை. 1964 முதல் 1966 வரை இருந்த கோத்தாரி கல்விக் கமிஷன், பள்ளிக்கூட நிர்வாகத்தையும் பாட மேற்பார்வையையும் தனித்தனியாய்ப் பிரிக்கவேண்டும் என்று சொல்லிற்று. அதாவது சம்பளப் பட்டியலும் மாறுதல் உத்தரவும் வைத்திருக்கிற கை ஒன்றாகவும், கற்றுக்கொடுப்பதைக் கூட இருந்து திருத்துகிற கை வேறொன்றாகவும் இருக்கவேண்டும். இது எவ்வளவு எளிய புத்தி! கடன் கொடுத்தவனிடம் நம் கஷ்டத்தை மனம் திறந்து சொல்லமுடியுமா? மாறுதல் உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவரிடம், "ஐயா, எனக்கு இந்தக் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று விளங்கவில்லை" என்று எந்த உபாத்தியாயர் வாய் திறப்பார்?

இன்றைக்கு இதில் புதுமாதிரியும் வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் நாற்காலிக்குப் பதிலாகக் கைபேசி வந்திருக்கிறது. வருகை, சாப்பாடு, பாடப் புத்தகம், மதிப்பெண் என்று எல்லாவற்றையும் உபாத்தியாயர் எமிஸ் தளத்தில் ஏற்றவேண்டும். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையைப் பார்க்கவேண்டிய கண் கண்ணாடித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், பழைய பல நிற மைப் பாடக் குறிப்புக்கும் இதற்கும் என்ன பேதம்?

நிற்க. குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லுகிறேன்.

முதலாவது, உபாத்தியாயத் தோழர்களுக்கு. உங்களை அவமானப்படுத்த எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. தப்பு இருந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லட்டும், எழுத்தில் கேட்கட்டும், நீங்களும் எழுத்தில் பதில் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் "நீ", "வா", "போ" என்றால், "ஐயா, மரியாதையாய்ப் பேசுங்கள்" என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் மாறுதல் வரும். நூறு பேர் சேர்ந்து சொன்னால் மாறுதல் வராது, மரியாதைதான் வரும். கோழிக்குழம்பையும் மாலையையும் நிறுத்துங்கள். கடன் வாங்கி விருந்து வைக்கிறவனை யாரும் சமமாய் நினைக்கமாட்டார்கள். இதையெல்லாம் கேட்க உங்களுக்கு உரிமை வரவேண்டுமானால் ஒன்று செய்யவேண்டும். அதாவது படிப்பு வராத பிள்ளையை ஒளிக்கக்கூடாது. "இந்த மூன்று பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை, நான் இன்னின்னது செய்து பார்த்தேன், மேற்கொண்டு எனக்கு ஒத்தாசை வேண்டும்" என்று நீங்களே முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவனை மிரட்டுவது கஷ்டம். வேலையைச் சரியாய்ச் செய்யாமல் மானத்தை மாத்திரம் கேட்கிறவர்களுக்காக நான் பேச வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, இன்ஸ்பெக்டர்களுக்கு. உங்களில் அநேகர் உபாத்தியாயராயிருந்து மேலே போனவர்கள்தான். சாட்டையடி வாங்கினவன் கையில் சாட்டை வந்தால் அவனே அதிகம் அடிக்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சைப் பொய்யாக்குங்கள். பள்ளிக்குள் வந்ததும் பதிவேட்டைக் கேளாதீர்கள். "இன்று வராத பிள்ளைகள் யார் யார்? ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள். கடைசிப் பெஞ்சில் போய் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் கரும்பலகை தெரிகிறதா என்று பாருங்கள். தண்ணீர்ப் பானையில் யார் மொண்டு குடிக்கிறார்கள், சத்துணவுக்கு யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் ஒரு பாடத்தை நீங்களே நடத்திக் காட்டுங்கள். அப்போது உபாத்தியாயருக்கு உங்களிடம் பயம் போகும், மரியாதை வரும்.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு. பரிசோதனை சர்க்கார் உத்தியோகஸ்தருடைய தனிச் சொத்தல்ல. 2009-இல் செய்து 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். இங்குள்ள தாய்மார்களே! அது உங்களுக்குச் சட்டம் கொடுத்த நாற்காலி. வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்காகக் கொடுத்ததல்ல. உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். திக்கினால் அடிக்காதீர்கள். மறுநாள் பள்ளிக்குப் போய் உபாத்தியாயரிடம் சண்டையில்லாமல் கேளுங்கள். அதே சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்குக் கொடுத்த இந்த மரியாதையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறவருக்கும் கொடுத்தால் சர்க்காருக்கு என்ன நஷ்டம்?

தோழர்களே! நான் சொன்னதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக நம்பவேண்டாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். அடுத்த தடவை இன்ஸ்பெக்டர் வரும் நாளில், எந்தப் பிள்ளை பள்ளியில் இல்லை, எங்கே போயிருக்கிறது என்று விசாரியுங்கள். ஓடைப் பக்கமும் போய்ப் பாருங்கள்.

என்னோடு சுள்ளி பொறுக்கப் போன இரண்டு பேரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லுகிறேன். ஒருவன் செங்கற்சூளையில் வேலை செய்கிறான். அவன் மகள் இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். இன்னொருவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் விசாரிக்கிறேன், ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மாத்திரம் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்த அந்த நாளிலும் அவன் வந்திருந்ததாகவே குறி போட்டிருக்கிறது.